மூணு வருஷம்னு எழுதியிருந்தது

ஒடெசா: மூணு வருஷம்னு எழுதியிருந்துதேடா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.

ஆல்டன்: எழுதியிருந்ததும்மா. யாரு இல்லன்னா?

ஒடெசா: கையெழுத்துப் போட்ட அன்னிக்குக் கேக் வெட்டினோம். கேக் மேலயும் பெருசா மூணுன்னு இருந்தது.

ஷெரீஸ்: அந்த ஒப்பந்தத்துலயே உறுதியா இருந்தது அந்தக் கேக்குதான் அத்தை. அதை மட்டும் யாரும் திருப்பிக் கேக்க முடியாது.

ஒடெசா: சிரிக்காதே. ஒன்றரை வருஷம்தானே ஆச்சு? மீதி ஒன்றரை எங்க போச்சு?

ஆல்டன்: மூணு வருஷம்னா... நான் மூணு வருஷத்துக்கு வேற எங்கயும் போகக் கூடாதுன்னு அர்த்தம். அவங்க என்னை என்னிக்கு வேணும்னாலும் போகச் சொல்லலாம்.

ஒடெசா: ஓகோ. கயிறு உன் கால்ல மட்டும்தான் கட்டியிருக்கு.

ஆல்டன்: அமெரிக்க ஃபுட்பால்ல எல்லார் கதையும் அதுதாம்மா. முகாமுக்குத் தொண்ணூறு பேரைக் கூப்பிடுவாங்க. ஆகஸ்ட் முடியறப்போ ஐம்பத்து மூணு பேரை வச்சுக்கிட்டு மத்தவங்களைக் கழட்டி விட்டுடுவாங்க. நேத்து அந்த நாள்.

ஒடெசா: இருபத்திரண்டு வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறேன். என்னைக் கழட்டணும்னா மூணு நோட்டீஸ் வரணும். ஒரு பிள்ளையை இறக்காம பஸ்ஸை ஷெட்டுக்குக் கொண்டு போனாக்கூட முதல் நோட்டீஸ்தான்.

ஷெரீஸ்: அப்படிக் கொண்டு போனீங்களா அத்தை?

ஒடெசா: ஒரே ஒரு பிள்ளை. பின் சீட்டுல தூங்கிட்டிருந்தான். பேச்சை மாத்தாதே... உன்னை எப்படிடா சொன்னாங்க? கடிதமா?

ஆல்டன்: கடிதமா? காலைல ஏழரை மணிக்கு எமதூதன் வந்தான்.

ஒடெசா: யாரு?

ஆல்டன்: ஆபீஸ்ல வேலை பார்க்கற ஆளு. நல்ல மனுஷன். கழட்டற நாள்ல ஆள் பிடிச்சுட்டுப் போறது அவன் வேலை. நாங்க அந்தப் பேர்லதான் கூப்பிடுவோம். சாப்பாட்டு ஹால் வாசல்ல வந்து நின்னான்... தொண்ணூறு பேரும் தட்டைப் பார்த்துக் குனிஞ்சுட்டோம்.

ஷெரீஸ்: முன்னூறு பவுண்டு ஆளு ஒவ்வொருத்தனும்.

ஆல்டன்: ரெண்டு பேர் கழிப்பறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் பேரு பட்டியல்லயே இல்லையாம். பயத்துல மதியம் வரைக்கும் வெளியில வரலை. காலைப் பயிற்சிக்கு வரலைன்னு அபராதம் போட்டாங்க.

ஒடெசா: நீ?

ஆல்டன்: வாஃபிள் சாப்பிட்டுட்டிருந்தேன். பக்கத்துல வந்து குனிஞ்சு, 'கோச் உன்னைப் பார்க்கணுமாம், டேப்லெட்டையும் எடுத்துட்டு வா'ன்னான். ஆட்டத் திட்டம் எல்லாம் அந்த டேப்லெட்லதான் இருக்கும். அதைக் கேட்டா முடிஞ்சது.

ஒடெசா: அப்புறம்?

ஆல்டன்: வாஃபிளை முடிச்சுட்டு வரேன்னேன். சரின்னு உட்கார்ந்தான். அவனும் ஒண்ணு சாப்பிட்டான்.

ஷெரீஸ்: சாமானை எல்லாம் கறுப்புக் குப்பைப் பையில போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறான் அத்தை. உள்ள ரெண்டு ஷூ, ஒரு ஹெட்ஃபோன், பாதி பாட்டில் ஷாம்பு. நான் கதவைத் திறந்து, 'குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வரும்'னேன்.

ஒடெசா: அடிப்பாவி.

ஆல்டன்: நான் சிரிச்சுட்டேம்மா. அழறதுக்குன்னு முகத்தைத் தயார் பண்ணிட்டு வந்தேன். கெடுத்துட்டா.

ஒடெசா: சரி. இந்தப் பெட்டிங்க எதுக்கு? கழட்டிட்டாங்கன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே?

ஷெரீஸ்: இன்னும் முழுசா முடியல அத்தை. இன்னிக்கு மதியம் பன்னிரண்டு மணி வரைக்கும் அந்த ஒப்பந்தத்துக்கு உயிர் இருக்கு.

ஒடெசா: இப்ப மணி பத்தே முக்கால்.

ஆல்டன்: பெரிய அணிகள்ல இன்னும் நாலு வருஷம் முடிக்காதவனைக் கழட்டினா, மத்த முப்பத்தோரு அணியும் மறுநாள் மதியம் வரைக்கும் யோசிக்கலாம். 'எங்களுக்கு இவன் வேணும்'னு யாராவது கை தூக்கினா, அதே ஒப்பந்தத்தோட அப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்க.

ஒடெசா: உன்கிட்ட கேக்க மாட்டாங்களா?

ஆல்டன்: கடையில கத்தரிக்காய்கிட்ட கேட்டா எடுப்பாங்க?

ஷெரீஸ்: கை தூக்கினா இன்னிக்கு சாயங்காலம் விமானம். நான் பின்னாலயே பெட்டியோட வரணும். யாரும் தூக்கலைன்னா பன்னிரண்டு மணிக்கு ஒப்பந்தம் செத்துப் போச்சு. அதான் ஃபோனைப் பார்த்துட்டே கட்டிட்டிருக்கேன்.

ஒடெசா: எந்த ஊர் வரும்?

ஷெரீஸ்: சியாட்டில் வந்தா நல்லது. மழை பெய்யும், வீட்டுலயே இருக்கலாம்.

ஆல்டன்: மயாமி.

ஷெரீஸ்: மயாமியில உன்னை எவன் கேட்டான்? நீ வெயில்ல அரை மணி நேரம் நின்னா வேர்வையை வாளி வச்சுப் பிடிக்கணும்.

ஒடெசா: க்ரீன் பே வேணாம். அந்த உறைபனியில நான் ஜனவரியில வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

ஆல்டன்: அந்தச் சோள ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளும்மா.

ஒடெசா: நீயே எழுந்து எடு. அப்படியே அந்தப் பெட்டியையும் எடுத்துக் கதவோரம் வை, நடக்க வழியில்லாம கிடக்கு... இது என்னடா, காலால தள்ளறே?

ஆல்டன்: தரை வழவழன்னு இருக்கு. தானாப் போகுது.

ஒடெசா: சமையல் பாத்திரம்டா அதுல.

ஷெரீஸ்: விடுங்க அத்தை. எதிர்ல வர்றவனைத் தள்ளித் தள்ளிப் பழகிட்டான். காலேஜையும் சேர்த்து எட்டு வருஷமா ஃபுட்பால் ஆடறான், எல்லாரும் பந்தைக் கையில பிடிச்சுட்டு ஓடற ஆட்டம், இவன் அதைத் தொட்டதே இல்ல.

ஆல்டன்: ஒரு தடவை தொட்டேன்.

ஷெரீஸ்: அது உன் தலையில வந்து விழுந்தது.

ஒடெசா: ஏன்டா... ஒண்ணு கேக்கறேன். அடிபட்டவனைக் கழட்டினா என்ன ஆகும்?

ஆல்டன்: யாருக்கு அடிபட்டது?

ஒடெசா: சும்மா கேட்டேன். எங்க பஸ் ரூட்டுல ஒரு பையன், காலேஜ்ல ஆடறான். அவங்கம்மா கேட்டா.

ஆல்டன்: ம்... வெளியில போறப்போ ஒரு டாக்டர் பார்ப்பாரு. கையில ஒரு தாள் கொடுப்பாங்க. கழுத்து, தோள், முழங்கை, இடுப்புன்னு கால் கட்டைவிரல் வரைக்கும் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல 'வலி இருக்கு', 'வலி இல்லை'. நாமளே குறி போட்டுக் கையெழுத்துப் போடணும்.

ஒடெசா: வலி இருக்குன்னு போட்டா?

ஆல்டன்: அது ஆட்டத்துல பட்ட அடின்னு டாக்டரும் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா... பன்னிரண்டு மணிக்கு யாரும் கை தூக்கலைன்னாலும் ஒப்பந்தம் சாகாது. பழைய அணிக்கே திரும்பி வந்துடும். அந்த சீசன் முழுக்க அவங்க வச்சுக்கணும், வைத்தியமும் பார்க்கணும்.

ஒடெசா: நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு?

ஆல்டன்: கேக்க நல்லா இருக்கும். ஆனா அடிபட்டவனுக்காக எந்த அணியும் கை தூக்காது. அடுத்த வருஷமும் 'இவன் தோள் எப்படி'ன்னு யோசிப்பாங்க. அதனால எல்லாரும் மேலேருந்து கீழ வரைக்கும் 'வலி இல்லை'ன்னு ஒரே கோடா இழுத்துட்டு வந்துடுவாங்க.

ஒடெசா: தோளா?

ஆல்டன்: தோளோ, காலோ. ஒரு பேச்சுக்கு.

ஷெரீஸ்: முதல் அணியில இவன் அதைத்தான் பண்ணினான் அத்தை. கணுக்கால் வீங்கி முலாம்பழம் மாதிரி இருந்தது. 'வலி இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தான். யாரும் கை தூக்கல. ஒப்பந்தம் போச்சு. அந்தக் கணுக்காலோட எங்கப்பா சோபாக் கடையில ஆறு மாசம் சோபா தூக்கினான்.

ஆல்டன்: நல்ல உடற்பயிற்சி.

ஷெரீஸ்: வலிக்குதான்னு கேட்டா, சோபாதான் கோணலா இருக்குன்னான்.

ஒடெசா: எங்கிட்ட கணுக்கால்னு நீ சொல்லவே இல்லையே.

ஆல்டன்: சொன்னா நீ பஸ்ஸோட வந்திருப்ப. ஸ்கூல் பிள்ளைங்களும் சேர்ந்து வந்திருக்கும்.

ஷெரீஸ்: ஃபோன். ஃபோன் அடிக்குது. நகருங்க... ஹலோ? ஆமா, ஆல்டன் வீடுதான். சொல்லுங்க... ம்... ம்...

ஒடெசா: எந்த ஊரு? முகத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியலையே. க்ரீன் பேயா?

ஷெரீஸ்: நம்ம கார் வாரண்டி முடியப் போகுதாம். புதுப்பிக்கணுமான்னு ஒரு மிஷின் கேக்குது.

ஒடெசா: அதுலயும் மூணு வருஷம்னுதான் எழுதியிருப்பான்.

ஷெரீஸ்: ஆல்டன், நீ ஏன் எழுந்திரிக்கவே இல்ல? நான் பெட்டியைத் தாண்டிக் குதிச்சு ஓடறேன். நீ கோழியைக் கடிச்சுட்டிருக்க.

ஆல்டன்: கையெல்லாம் எண்ணெய்.

ஷெரீஸ்: ஒரு கையில. இன்னொரு கை மடியில சும்மா இருக்கு.

ஆல்டன்: அது ஓய்வு எடுக்குது.

ஷெரீஸ்: ம்... இந்தப் புத்தகம் எல்லாம் எந்தப் பெட்டியில?

ஆல்டன்: இப்பவே எதுக்குக் கட்டற? கூப்பிட்டா பார்த்துக்கலாமே.

ஷெரீஸ்: போன தடவை கூப்பிட்டப்புறம் கட்டினேன். ரெண்டு மணி நேரம். ஃப்ரிட்ஜ்ல பாலை விட்டுட்டுப் போயிட்டோம். அந்த வீட்டு ஓனர் இன்னும் எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பறதில்ல.

ஒடெசா: உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா? இப்படி ஊர் ஊரா...

ஷெரீஸ்: கஷ்டம்னு இல்ல அத்தை... எப்படிச் சொல்றது. மூணு வருஷத்துல நாலு ஊர். எனக்கு ஒரு பல் இருக்கு, இடது பக்கம். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு டாக்டர் பார்த்துட்டு 'அடுத்த தடவை வர்றப்போ சரி பண்ணிடலாம்'பாரு. அடுத்த தடவை வர்றதுக்குள்ள ஊர் மாறிடும். எனக்கு எந்த ஊர்லயும் 'அடுத்த தடவை' கிடையாது. அதைத்தான் யோசிப்பேன்.

ஆல்டன்: இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்ல.

ஷெரீஸ்: பல்லுதானே.

ஆல்டன்: வலிக்குதா?

ஷெரீஸ்: நீ கேக்கறியா? நீ?

ஒடெசா: ரெண்டு பேரும் நல்லா ஜோடி சேர்ந்தீங்க. மணி என்ன?

ஷெரீஸ்: பதினொண்ணு ஐம்பது.

ஒடெசா: பத்து நிமிஷம் இருக்கு. ஆல்டன், உனக்குப் பதட்டமா இல்லையாடா?

ஆல்டன்: இருக்கே.

ஒடெசா: உன் வாழ்க்கையே அந்த ஃபோன்ல இருக்கு. நீ நாலாவது கோழித் துண்டை எடுக்கற.

ஆல்டன்: எனக்குப் பதட்டம் வந்தா பசிக்கும்.

ஒடெசா: சந்தோஷம் வந்தாலும் பசிக்கும்.

ஆல்டன்: அது வேற பசி.

ஷெரீஸ்: எனக்கு ஒரு கேள்வி. யாராவது கை தூக்கினா உன்னைக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க போனதும் ஒரு டாக்டர் பார்ப்பாருல்ல? அவர் எல்லா இடத்தையும் அழுத்திப் பார்ப்பாருல்ல?

ஆல்டன்: பார்ப்பாரு.

ஷெரீஸ்: பார்த்தா?

ஆல்டன்: பார்க்கட்டும்.

ஒடெசா: கர்த்தரே, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமப் பேசறீங்க. எனக்குத் தலை சுத்துது. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருங்க. நான் கடிகாரத்தைப் பார்க்கறேன்... இன்னும் ரெண்டு நிமிஷம்.

ஆல்டன்: அம்மா, கத்தாதே.

ஒடெசா: ஒரு நிமிஷம்... ஆச்சு. பன்னிரண்டு அடிச்சாச்சு.

ஷெரீஸ்: சில சமயம் ரெண்டு மூணு நிமிஷம் லேட்டாக் கூப்பிடுவாங்க.

ஒடெசா: மூணும் ஆச்சு... அஞ்சும் ஆச்சு. கண்ணா. அவ்வளவுதானா? செத்துப் போச்சா?

ஆல்டன்: இல்லம்மா.

ஒடெசா: இல்லைன்னா?

ஆல்டன்: சாகல. அது... ஷெரீஸ், அந்த டேப்பைக் கீழ வை. பெட்டி கட்ட வேணாம்.

ஷெரீஸ்: ஏன்?

ஆல்டன்: யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு எனக்கு நேத்து காலைலயே தெரியும். அந்தத் தாள்ல... வலது தோளுக்கு எதிர்ல 'வலி இருக்கு'ன்னு போட்டுட்டேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தாரு. உள்ள கிழிஞ்சிருக்காம். ஒத்துக்கிட்டு அவரும் கையெழுத்துப் போட்டாரு. இந்த சீசன் முழுக்க நான் இந்த அணியிலதான். ஆட முடியாது. அவங்களே ஆபரேஷன் பண்ணுவாங்க. நாம எங்கயும் போகல.

ஷெரீஸ்: சொல்லு.

ஆல்டன்: அவ்வளவுதான்.

ஷெரீஸ்: அவ்வளவுதான் இல்ல. சொல்லு.

ஆல்டன்: பதினோரு வயசுலேருந்து எங்கிட்ட எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டிருக்காங்க. முடியுமான்னு. நானும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கேன். கணுக்கால் வீங்கினப்போகூட அதைத்தான் சொன்னேன். நேத்து பேனாவை எடுத்தேன், கழுத்துக்கு 'இல்லை'ன்னு போட்டேன். தோள் வந்துச்சு. கை அப்படியே நின்னுடுச்சு. எமதூதன் வேற பக்கத்துல நிக்கறான். நல்லா மெதுவா யோசின்னான்.

ஒடெசா: நல்ல மனுஷன்தான்.

ஆல்டன்: போட்டுட்டேன். போட்டதும் ஏதோ... அம்மணமா நிக்கற மாதிரி இருந்தது. வலி ஒண்ணும் பெருசு இல்ல ஷெரீஸ். வலிக்குதுன்னு எழுதினதுதான். வீட்டுக்கு வந்தா நீ குப்பை வண்டின்னு சிரிச்ச. நானும் சிரிச்சேன். அப்புறம் நீ பெட்டி எடுத்துட்ட. சியாட்டில்னு பேச ஆரம்பிச்சுட்ட. எப்படி நிறுத்தறதுன்னு தெரியல.

ஷெரீஸ்: ம்.

ஆல்டன்: 'ம்'மா? நான் ஒரு நாள் முழுக்கப் பொய் சொல்லியிருக்கேன்.

ஷெரீஸ்: நேத்து சாயங்காலம் நாலரை மணிக்குக் கழட்டினவங்க பட்டியல் வந்தது. உன் பேருக்குப் பக்கத்துல 'காயம்'னு போட்டிருந்தது. ஊரே படிச்சிருக்கு.

ஆல்டன்: நீ... பட்டியல் எல்லாம் பார்ப்பியா?

ஷெரீஸ்: ஃபுட்பால்காரன் பெண்டாட்டி ஆகஸ்ட் மாசம் வேற என்னத்தைப் படிப்பா?

ஆல்டன்: அப்ப இந்த ஏழு பெட்டி?

ஷெரீஸ்: முதல் பெட்டியிலயே நீ நிறுத்துன்னு சொல்லுவன்னு நினைச்சேன். பாத்திரத்தைக் கட்டினா சொல்லுவன்னு நினைச்சேன். எட்டாவதா உன் கட்டிலைக் கழட்டறதா இருந்தேன்.

ஆல்டன்: நேரா கேட்டிருக்கலாம்.

ஷெரீஸ்: கேட்டா நீ சோபா கோணல்னு சொல்லுவ. எனக்குத் தெரிஞ்சது போதாது ஆல்டன். உன் வாயால வரணும். நான் கண்டுபிடிச்சே பழகிட்டேன். நீ கதவைச் சாத்தற சத்தத்தை வச்சு, எந்தப் பக்கமாப் படுக்கறேங்கறதை வச்சு... ஒரு தடவை நான் கண்டுபிடிக்காம, நீயா வந்து சொல்றதைக் கேக்கணும்னு ஆசை.

ஆல்டன்: ...சரி.

ஷெரீஸ்: நாளைக்கு நான் பல் டாக்டருக்கு ஃபோன் பண்றேன்.

ஆல்டன்: அம்மா, உனக்காவது தெரியாது, இல்ல? நீ ஒண்ணும் புரியாமத்தானே இவ்வளவு கேள்வி கேட்ட?

ஒடெசா: நான் எங்க சங்கத்துல ஒப்பந்தம் படிக்கிற கமிட்டியில இருக்கேன்டா. உன் ஒப்பந்தத்தைக் கேக் வெட்டின அன்னிக்கு ராத்திரியே முழுசாப் படிச்சுட்டேன். காயத்தைப் பத்தி எழுதியிருக்கறதை நீ சரியாத்தான் சொன்ன.

ஆல்டன்: பஸ் ரூட்டுல ஒரு பையன்னியே?

ஒடெசா: பையன் இருக்கான். ஃபுட்பால் ஆடல, டிரம் ஏதோ வாசிக்கறான். ஷெரீஸ் நேத்து ஃபோன் பண்ணினா. 'தெரியாத மாதிரி ஒருத்தர் கேட்டாத்தான் இவன் சொல்லுவான் அத்தை, வாங்க'ன்னா. ஆறு வாரம் லீவு போட்டுட்டு ஏழு மணி நேரம் ஓட்டிட்டு வந்தேன்.

ஆல்டன்: ரெண்டு பேரும் சேர்ந்து...

ஒடெசா: அப்புறம் திட்டு. சட்டையைக் கழட்டு, முதல்ல தோளைப் பார்க்கணும். காலைலேருந்து பொறுத்துட்டிருக்கேன்.

ஆல்டன்: கையை மேல தூக்க முடியாதும்மா.

ஒடெசா: எதுக்குத் தூக்கணும்? முன்னால பட்டன் வச்ச சட்டைதானே.

ஆல்டன்: ஆமா... நல்லவேளை.

ஷெரீஸ்: நல்லவேளை எல்லாம் இல்ல. மூணு வாரமா உன் டி-ஷர்ட் ஒண்ணுகூட வெளியில இல்ல, எல்லாத்தையும் அலமாரி மேல ஒளிச்சு வச்சிருக்கேன்... சலவைக்குப் போயிருக்குன்னு சொன்னேன், நீயும் நம்பிட்டு ஒவ்வொரு நாளும் பட்டன் வச்சதையே போட்டுக்கிட்டுப் போன.